ராகுகாலத்தில் வாசித்த இரண்டு கோப்புகள்

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் கணினி அறைக்கு நான் பொறுப்பாளன். என் பொறுப்பில் இருந்தவை இரண்டு சர்வர்கள், ஒரு ஏசி, ஒரு ரிஜிஸ்டர், ஓர் ஆபரேட்டர். இவற்றில் நான் ஒழுங்காகக் கவனித்துக்கொண்டது ஏசியை மட்டும்தான் என்பதை, இப்போது இந்த வேலைக்கு வந்திருக்கும் உங்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டு சர்வர்களும் அடுத்தடுத்து நின்றன. ஒன்று வேலை செய்யும், மற்றது காத்திருக்கும். வேலை செய்வது விழுந்தால் காத்திருப்பது சில நிமிடங்களில் அதன் இடத்துக்கு வந்துவிடும். உங்களுக்கு இது சாதாரணம். எங்களுக்கு அது பெரிய விஷயம். ஆலையில் அதைப் பற்றிப் பேச்சு இருந்தது. பேக்கிங் பிரிவின் மேஸ்திரி குருவம்மாள் அவற்றுக்கு மூத்தாள், இளையாள் என்று பெயர் வைத்திருந்தார். "மூத்தா ஓடா உழைக்கா. எளையா ஏசியில சும்மா உக்காந்திருக்கா. எந்த வீட்டுலயும் இதுதான் கதை" என்பார். நாளடைவில் நாங்களும் அப்படியே சொல்ல ஆரம்பித்தோம்.

ஆலையின் லாட் விவரங்கள், அனுப்பிய சரக்கு விவரங்கள் எல்லாம் இரண்டுக்கும் பொதுவான ஒரு வட்டுப் பெட்டியில் இருந்தன. கான்ஃபிக் கோப்புகள் மட்டும் அந்தந்த இயந்திரத்தின் சொந்த வட்டில். எந்த பேக்கிங் லைனுக்கு எந்த பிரிண்டர், அந்த லைனில் எந்த நம்பர் நூல் வருகிறது, மூட்டையின் லேபிளில் என்ன அச்சாக வேண்டும் என்பதெல்லாம் அந்தக் கோப்புகளில் எழுதியிருக்கும். ஒன்றில் மாற்றினால் மற்றதிலும் மாற்ற வேண்டும். அப்படியே நகலெடுத்துப் போட முடியாது. ஒவ்வொரு கோப்பிலும் சில வரிகள் அந்த இயந்திரத்துக்கே உரியவை. மூத்தாளின் முகவரியை இளையாளுக்கும் கொடுத்தால் இரண்டும் படுத்துவிடும். ஆகவே ஒரே மாற்றத்தைக் கையால் இரண்டு முறை செய்தோம்.

ஒரு திருத்தம் இரண்டு இடத்துக்குப் போக வேண்டியிருந்தால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியாத விஷயம் அல்ல. எண்பதுகளில் மதுரையில் ஒரு நாளிதழில் மெய்ப்புப் பார்த்தேன். ஒரு நாள் இரங்கல் அறிவிப்பு ஒன்றில், இறந்தவர் பெயரும் அறிவிப்பைக் கொடுத்த அவருடைய அண்ணன் பெயரும் இடம் மாறியிருந்தன. மதுரைப் பதிப்பில் திருத்தினோம். திருநெல்வேலிப் பதிப்புக்குத் திருத்தம் போகவில்லை. மறுநாள் அந்த அண்ணன் அலுவலகத்துக்கே வந்தார். சத்தம் போடவில்லை. "நான் இருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

எங்கள் தலைமை மெய்ப்பாளர் அதற்குப் பிறகு ஒரு வழக்கத்தைக் கட்டாயமாக்கினார். இரண்டு பேர் உட்கார வேண்டும். ஒருவர் மூலத்தை வாய்விட்டு வாசிப்பார், மற்றவர் அச்சுத்தாளை விரல் வைத்துப் பார்ப்பார். பார்க்கிறவர் வாசிக்கக் கூடாது, வாசிக்கிறவர் பார்க்கக் கூடாது. அந்த வழக்கத்தை நான் மதுரையிலேயே விட்டுவிட்டு வந்தேன். கணினி முன்னால் உட்கார்ந்தவனுக்கு அது தேவைப்படாது என்று நினைத்தேன்.

ஆபரேட்டர் செல்வராணி தளவாய்புரத்திலிருந்து பஸ்ஸில் வருவார். வீட்டுக்கு வீடு தையல் மிஷின் ஓடும் ஊர். அவர் வீட்டில் இரண்டு ஓடின. கணினி படித்துவிட்டு வந்தவர். ஆலையின் கணினி அறையில் முதல் பெண். தகுதிகாண் காலத்தில் இருந்தார். வேலை நிரந்தரமாகவில்லை என்றால் மூன்றாவது மிஷினில் உட்கார வேண்டியதுதான் என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள்.

ரிஜிஸ்டரில் "இரு இயந்திரங்களின் கோப்புகளும் ஒப்பிடப்பட்டன" என்று ஒரு பத்தி இருந்தது. அதை ஏற்படுத்தியது நான்தான். ஆபரேட்டர் தினமும் காலையில் ஒப்பிட்டுப் பார்த்து அதில் கையெழுத்திட வேண்டும். சேர்ந்த முதல் வாரமே செல்வராணி, "இதை எப்படி சார் பாக்கணும்?" என்று கேட்டார்.

"மாத்துறது நான்தானே. மாத்தும்போதே ரெண்டையும் பாத்துருவேன். நீ கையெழுத்து மட்டும் போட்டுட்டு வா."

"பாக்காமலா சார்?"

"நான் பாத்தா நீ பாத்த மாதிரிதான்."

இரண்டாம் வாரமும் ஒருமுறை கேட்டார். நான் அதே பதிலைச் சொன்னேன். பிறகு கேட்கவில்லை. கோப்புகளை ஒப்பிடும் கட்டளை அன்றைக்கும் உண்டு என்று நீங்கள் சொல்வீர்கள். உண்டு. வேறுபட்டே ஆக வேண்டிய வரிகளையும் வேறுபடக் கூடாத வரிகளையும் அது ஒன்றாகக் கொட்டும். ஒரு வாரம் பார்த்தால் கண் பழகிவிடும். நான் அந்தக் கட்டளையை நிறுத்தி வெகுநாள் ஆகியிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, மூன்றாம் லைனில் நாற்பதாம் நம்பர் நூலை நிறுத்திவிட்டு அறுபதாம் நம்பரை ஓட்டத் தீர்மானித்தார்கள். நம்பர் கூடக் கூட நூல் மெலிதாகும். நாற்பதுக்கு வேறு துணி, அறுபதுக்கு வேறு துணி. எங்கள் ஆலையில் நம்பர் மாற்றுவதென்றால் நல்ல நேரம் பார்த்துத்தான். கணினி அறையிலும் தினசரிக் காலண்டர் தொங்கியது. வெள்ளிக்கிழமை ராகுகாலம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை.

பத்து மணி சுமாருக்கு மூத்தாளின் கோப்பைத் திறந்து மாற்றினேன். லேபிள் அடித்துப் பார்த்தேன். சரியாக வந்தது. அப்போது மேனேஜர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கோபமோ அவசரமோ வந்தால் அதில் ஒரு வார்த்தை நழுவி விழும்.

"ஏமி பாலு, முடிஞ்சுதா?"

"மூத்ததுல முடிஞ்சுது சார். இன்னொண்ணுல ஒரு பத்து நிமிஷம்."

"மணி பத்து இருபத்தெட்டு. இப்ப ஓடுறது மூத்ததுதானே?"

"ஆமா சார்."

"அப்ப நல்ல நேரத்துல ஆரம்பிச்சாச்சு. இதோட நிறுத்து. மிச்சத்தைப் பன்னெண்டுக்கு மேல பாத்துக்க. ராகுகாலத்துல புதுசா எதையும் தொடாத."

நான் எழுந்துவிட்டேன். அதில் தவறில்லை, ஒன்றரை மணி நேரம் பொறுப்பதால் எதுவும் கெடாது. பன்னிரண்டு மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் சரக்கை வைத்திருக்கும் கிட்டங்கியிலிருந்து போன் வந்தது. அங்கே டெர்மினல் ஓடவில்லை. பஸ் ஏறிப் போனேன், சாயங்காலம் திரும்பினேன். மறுநாள் புரட்டாசிச் சனி. வீட்டாரோடு ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துத் திருவண்ணாமலைக்குப் போய், கூட்டத்தில் நின்று, படியேறி, பெருமாளைச் சேவித்து வந்தேன். திங்கட்கிழமை வேலைக்கு வந்தபோது மூன்றாம் லைன் மாற்றம் முடிந்துபோன வேலையாக என் மனத்தில் பதிந்திருந்தது. செல்வராணி கையெழுத்துப் போட்டுக்கொண்டு வந்தார்.

சில வாரங்கள் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று பத்துக்கு மூத்தாளின் மின்விசிறி நின்றது. சூடேறி இயந்திரம் விழுந்தது. இளையாள் எழுந்து பொறுப்பேற்றுக்கொண்டது. ஒரு லைன்கூட நிற்கவில்லை. இரண்டாவது இயந்திரம் வீண் செலவு என்று முதலாளிகள் சொன்னபோது வாதாடி வாங்கியவர் எங்கள் மேனேஜர். அவருக்கு இருந்த சந்தோஷத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த வேனில் பால்கோவா வாங்கிவரச் சொன்னார். அலுவலகம் முழுக்கக் கொடுத்தார்கள். நான் இரண்டு தடவை வாங்கிக்கொண்டேன். உங்களுக்கு இந்த விவரத்தைச் சொல்லக் காரணம் இருக்கிறது. நான் பால்கோவா தின்ற நேரத்தில் மூன்றாம் லைனில் தப்பான லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை ராகுகாலம் மூன்று மணிக்கு. அதனால் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும் லாரியை இரண்டு ஐம்பதுக்கே அனுப்பிவிட்டார்கள். போகிற வழியில் ஸ்ரீவில்லிபுத்தூர் கிட்டங்கியில் மிச்சச் சரக்கை ஏற்ற வேண்டும்.

மூன்றே முக்காலுக்குக் குருவம்மாள் கணினி அறை வாசலில் வந்து நின்றார். ஒரு கையில் நூல்கோன், மறு கையில் கிழித்த லேபிள்.

"ராகுகாலத்துல வந்து சொல்லுதேன்னு ஏசாதீங்க சார். உங்க எளையா பொய் சொல்லுதா."

"என்ன சொல்லுதீங்க?"

"மூணாம் லைன் மூட்டை ஒண்ணு தையல் விட்டுப் போச்சு. உள்ள பாத்தா நீல நுனி. மேல ஒட்டியிருக்கது நாப்பது. நீங்களே பாருங்க."

நூல் சுற்றும் காகிதக் கோனின் நுனியில் ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு நிறம் உண்டு. எங்கள் ஆலையில் அறுபதுக்கு நீலம். மூட்டையைத் தைத்துவிட்டால் நிறம் தெரியாது. அதற்குப் பிறகு லேபிள் சொல்வதுதான்.

"காலையிலருந்து எம்புட்டு மூட்டை போயிருக்கும்?"

"அது உங்க மிஷினுக்குத்தான் தெரியும். ஒட்டச் சொன்னா, ஒட்டினோம்."

இளையாளின் கோப்பைத் திறந்தேன். மூன்றாம் லைனுக்கு நேரே நாற்பது. அந்த வெள்ளிக்கிழமையின் பத்து இருபத்தெட்டு அப்போதுதான் என் ஞாபகத்துக்கு வந்தது.

கை உடனே கோப்பைத் திருத்தப் போனது. நிறுத்திக்கொண்டேன். பதற்றத்தில் ஒரு வரியைத் திருத்தப் போய் இன்னொரு வரியைக் கெடுத்தால் எல்லா லைனும் போகும். மூன்றாம் லைனை மட்டும் நிறுத்தச் சொன்னேன். திரும்பிப் பார்த்தபோது செல்வராணி யாரும் சொல்லாமலே, பதினொன்று பத்துக்குப் பிறகு அந்த லைனில் அச்சான லேபிள் எண்கள் எல்லாவற்றையும் பொதுவட்டிலிருந்து எடுத்து அச்சடித்துக்கொண்டிருந்தார். நான் கிட்டங்கிக்கு போன் போட்டேன்.

"லாரி போயிருச்சா?"

"இங்கதான் நிக்கி சார்" என்றார் கிட்டங்கி எழுத்தர். "தார்ப்பாய்கூட கட்டியாச்சு. நாலரைக்கு மேலதான் எடுப்பேன்னு டிரைவர் டீக்கடையில உக்காந்துட்டாரு. ராகுகாலமாம்."

"எடுக்க வேண்டாம்னு சொல்லுங்க. நான் வாரேன்."

பட்டியலை எடுத்துக்கொண்டு, குருவம்மாளையும் ஏற்றிக்கொண்டு ஆலை ஜீப்பில் போய்ச் சேர்ந்தபோது நாலரைக்குப் பத்து நிமிடம் இருந்தது. லோடுமேன்கள் வேலை முடித்துக் கைகால் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"ஏலே, கட்டினதை அவுக்கச் சொல்லுதாவலே" என்று ஒருவர் சிரித்தார்.

"ஏத்தணுமா எறக்கணுமா, ஒண்ணைச் சொல்லுங்க சார். நாங்க என்ன ஊஞ்சலா ஆட்டுதோம்?" என்றார் இன்னொருவர்.

அதற்குள் மேனேஜர் கிட்டங்கி போனுக்கு வந்துவிட்டார். மறுநாள் காலை துறைமுகத்தில் சரக்கைக் கன்டெய்னரில் அடைக்க வேண்டும். "மேல இருக்கதை மட்டும் பாத்து எடுத்துட்டு லாரியை விடு. அடியில ஒண்ணு ரெண்டு இருந்தா போகட்டும்" என்றார்.

நான் அதைக் குருவம்மாளிடம் சொன்னேன்.

"ஒண்ணு ரெண்டு போதுமே. தறியில ஏறினா துணி நீளத்துக்கும் கோடு விழும். நூலு வாங்கினவிய போன் போட்டுக் கேக்கும்போது மேனேஜரா பதில் சொல்லுவாரு? குருவம்மா ஒட்டினாம்பாரு."

போனில் சொன்னேன்: "பட்டியல்ல இருக்க மூட்டை அம்புட்டையும் கண்ணால பாக்காம அனுப்ப மாட்டேன் சார்."

"ஏமி, நீ முடிவு பண்ணுவியா?"

பட்டியலில் எத்தனை மூட்டை என்று சொன்னேன். "சரி, செய்" என்று வைத்துவிட்டார்.

முழு லாரியும் இறங்கியது. பட்டியலில் இருந்த கடைசி இரண்டு மூட்டைகள் டிரைவர் அறையை ஒட்டி அடிவரிசையில் கிடந்தன. தப்பான லேபிள் மூட்டைகள் கிட்டங்கியிலேயே நின்றன. மிச்சத்தோடு லாரி இருட்டுவதற்கு முன் புறப்பட்டது. கப்பலுக்குச் சரக்கு குறைவாகப் போனது. ஏன் குறைந்தது என்று மேனேஜர் முதலாளிகளுக்குச் சொல்லியாக வேண்டும். அதற்கு அவருக்கு ஒரு பெயர் வேண்டும்.

மறுநாள் புதன்கிழமை பதினொன்றரை மணிக்கு எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மேசை மேல் ரிஜிஸ்டர் விரித்திருந்தது. ஒப்பிடப்பட்டன என்ற பத்தியில் நாள் தவறாமல் செல்வராணியின் கையெழுத்து.

"தினமும் போட்டிருக்க. தினமும் பாத்தியா?"

"பாக்கல சார்."

"பாக்காம எதுக்கும்மா போட்ட?"

செல்வராணி என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு ரிஜிஸ்டரைப் பார்த்தார். பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

"சரி, போ" என்றார் மேனேஜர். செல்வராணி போனதும் டைப்பிஸ்ட்டைக் கூப்பிட்டுக் கடிதம் சொன்னார். தகுதிகாண் காலப் பணி திருப்தியாக இல்லாததால் நிரந்தரம் செய்ய இயலவில்லை என்று மூன்று வரி. கடிதம் அடித்து வந்தபோது மணி பன்னிரண்டு ஐந்து. பேனாவைத் திறந்தவர் சுவரில் காலண்டரைப் பார்த்தார். புதன்கிழமை ராகுகாலம் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை. பேனாவை மூடினார்.

"ஒன்றரைக்கு மேல போடுதேன். அதுக்குள்ள நீ ஒரு ரிப்போர்ட் எழுதிக் குடு."

என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். ரிப்போர்ட் சுலபமாக வந்தது. இயந்திரம் நின்றது, மற்றது எழுந்தது, கோப்பு பழையது, தினசரி ஒப்பீடு செய்யப்படவில்லை. ஒவ்வொரு வரியும் உண்மை. ஒரு செய்தியில் எது விடுபட்டிருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. அதில் என் பெயர் விடுபட்டிருந்தது. அதைச் சேர்க்காமல் இருக்கக் காரணங்கள் வேகமாகக் கிடைத்தன. பார்க்காமல் கையெழுத்திட்டது அவர்தானே. இளவயது, வேறு வேலை கிடைக்கும். அந்த வருடம் எனக்குப் பதவி உயர்வு வரவேண்டியிருந்தது. இந்தக் கடைசிக் காரணத்தை நான் மனத்துக்குள்கூட முழுதாகச் சொல்லிக்கொள்ளவில்லை.

கணினி அறைக்குப் போனேன். செல்வராணி தரையில் உட்கார்ந்திருந்தார். காலையில் மின்விசிறி மாற்றி மூத்தாளை எழுப்பியிருந்தோம். இரண்டு இயந்திரங்களின் கோப்புகளையும் மடிப்புத் தாளில் அச்சடித்து, நீளமாக அருகருகே விரித்து, மர ஸ்கேலை வரிக்கு வரி நகர்த்திக்கொண்டிருந்தார். சாப்பாட்டுத் தூக்குச்சட்டி திறக்காமல் இருந்தது.

"என்ன பண்ணுத?"

"தினமும் பாத்தேன்னு எழுதியிருக்கேன்லா சார். போறதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது பாத்துருவோம்னு."

சிவப்பு மையில் நான்கு இடங்களில் கோடிட்டிருந்தார். "மூணாம் லைன் நேத்தே நீங்க சரி பண்ணிட்டீங்க. அது போக இன்னும் நாலு இருக்கு. ரெண்டுல எது சரின்னு எனக்குத் தெரியல. நீங்கதான் சொல்லணும்."

பார்த்தேன். நான்கும் நான் மூத்தாளில் மாற்றி, இளையாளில் மாற்றாமல் விட்டவை. ஒன்று செல்வராணி வேலைக்குச் சேர்வதற்கு முந்தியது. அதன்படி, இளையாள் ஓடும் நாளில் ஸ்ரீவில்லிபுத்தூர் கிட்டங்கிக்குப் போகவேண்டிய சரக்குச் சீட்டு, எப்போதோ கழற்றி வைத்துவிட்ட ஒரு பிரிண்டருக்குப் போகும்.

"நான்தான் பாக்காம போடச் சொன்னேன்னு மேனேஜர்கிட்ட ஏன் சொல்லல?"

செல்வராணி ஸ்கேலை அடுத்த வரிக்கு நகர்த்தினார்.

"நீங்க அங்கதானே சார் இருந்தீங்க."

குரலில் கோபம் இல்லை. அந்த இரண்டு தாள்களையும் மடித்து எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனேன். மணி ஒன்றேகால்.

"ரிப்போர்ட்டா? வச்சுட்டுப் போ."

"ரிப்போர்ட் இல்ல சார். சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு."

"நல்லதா, கெட்டதா?"

"எனக்குக் கெட்டது."

காலண்டரைக் கைகாட்டினார். "அப்ப ஒன்றரைக்கு மேல சொல்லு. உக்காரு."

உட்கார்ந்தேன். கடிதம் எங்கள் இருவருக்கும் நடுவில் கிடந்தது. அவர் ஏதோ கோப்பைப் புரட்டினார். சொல்லாமல் எழுந்து போய்விட அந்தக் கால் மணி நேரம் போதுமானது. கதவு திறந்துதான் இருந்தது. நீங்கள் என்னிடம் அழுத்தமான நேரங்களில் எப்படி முடிவெடுப்பது என்று கேட்கிறீர்கள். லாரியை இறக்கச் சொன்னது எனக்கு அழுத்தமான நேரம் அல்ல. அங்கே வேலை என்னை இழுத்துக்கொண்டு போனது. இங்கே எதுவும் இழுக்கவில்லை.

ஒன்றரைக்கு அவர் நிமிர்ந்தார். யார், எப்போது, எங்கே, என்ன என்று வரிசையாகச் சொன்னேன். வெள்ளிக்கிழமையிலிருந்து ஆரம்பித்தேன். நான்கு சிவப்புக் கோடுகளையும் காட்டினேன்.

"அன்னைக்கு நிறுத்தச் சொன்னது நானு" என்றார்.

"நிறுத்தச் சொன்னது நீங்க. மறந்தது நான். பாக்காம கையெழுத்துப் போடச் சொன்னதும் நான்."

"காலையில ஏன் சொல்லல?"

அவர் கடிதத்தை மடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்தார். கிழிக்கவில்லை. "பாக்காம போட்டது அவளும்தான். மூணு மாசம் தள்ளிப் பாப்போம். உனக்கு மெமோ வரும்." வந்தது. அந்த வருடப் பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. மூன்று மாதம் கழித்து செல்வராணியின் வேலை நிரந்தரமானது.

அந்தப் புதன்கிழமை சாயங்காலமே ஒரு கேள்வி வந்தது. கோப்புகளை எப்போது ஒப்பிடுவது? பகல் முழுக்க யாராவது எதையாவது மாற்றச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். ஒப்பிடும்போதே மாறிக்கொண்டிருந்தால் ஒப்பிட்டதற்கு அர்த்தமில்லை.

"ராகுகாலத்துல பாக்கலாம் சார்" என்றார் செல்வராணி. "அப்ப மட்டுந்தான் யாரும் எதையும் தொடமாட்டாவ."

வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. யோசித்தால் அதைவிடப் பொருத்தமான நேரம் ஆலையில் கிடையாது. மேனேஜர்தான் முகம் சுளித்தார். "ராகுகாலத்துலயா?"

"புதுசா ஒண்ணும் ஆரம்பிக்கல சார். இருக்கதைத்தான் வாசிக்கப் போறோம்."

அவர் சம்மதித்தார். மதுரை வழக்கத்தை நான் அப்போதுதான் வெளியே எடுத்தேன். ஒருவர் வாசிக்க வேண்டும், மற்றவர் பார்க்க வேண்டும். பிறகு ஓராண்டுக்குள், ஒவ்வொரு இயந்திரத்துக்கும் உரிய வரிகளைத் தனிக் கோப்பாகப் பிரித்துவிட்டு, பொதுவானதை ஓரிடத்தில் மட்டும் திருத்தி இரண்டுக்கும் அனுப்பும்படி செய்தோம். உங்களிடம் இன்று இருக்கும் கருவிகள் செய்வது அதைத்தான். ஆனாலும் வாசிப்பதை நாங்கள் நிறுத்தவில்லை. தப்பான கோப்பையும் அந்த வழி இரண்டு இடத்துக்கும் ஒரே வேகத்தில் கொண்டுபோகும்.

முதல் வாசிப்பு அந்தப் புதனுக்கு மறுநாள், வியாழக்கிழமை ஒன்றரை மணிக்கு. குருவம்மாள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தார். "ஏட்டி ராணி, மூத்தாளுக்கும் எளையாளுக்கும் அர்ச்சனையா நடக்கு? சுண்டல் உண்டுமா?" என்றார். செல்வராணி சிரித்துக்கொண்டே கையசைத்து அனுப்பினார்.

இளையாளின் தாள் என் கையில். மூத்தாளின் தாள் அவர் மடியில். நான் வாசித்தேன், அவர் ஸ்கேலை நகர்த்தினார். நான்கு வித்தியாசங்களையும் முந்தின நாள் சாயங்காலம் திருத்திவிட்டேன் என்ற நினைப்பில் இருந்தேன். கிட்டங்கி பிரிண்டர் வரி வந்தது. தாளைப் பார்க்காமலே, திருத்தியதாக நினைத்த எண்ணை வேகமாகச் சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போனேன்.

"சார், நில்லுங்க."

செல்வராணி எழுந்து வந்து, தன் ஸ்கேலை என் தாளில் அந்த வரிக்கு அடியில் வைத்தார். பழைய எண் அப்படியே இருந்தது. மூன்றைத்தான் திருத்தியிருந்தேன்.

"எழுதியிருக்கதை வாசிங்க சார். இருக்கணும்னு நெனைக்கதை வாசிக்காதீங்க."

முதல் வரியிலிருந்து மறுபடி வாசித்தேன். மெதுவாக, ஒவ்வொரு எண்ணாக. முடித்தபோது மணி மூன்று. ராகுகாலம் முடிந்த பிறகு அந்த வரியைத் திருத்தி, தாளை மறுபடி அச்சடித்துக் கொடுத்தேன். அதை வாங்கிப் பார்த்த பிறகுதான் அவர் ரிஜிஸ்டரை எடுத்தார், பேனாவைத் திறந்தார்.